கொழுத்த எலிக்கு பைபாஸ் செய்தால் சர்க்கரை ஏன் இறங்குகிறது?

கேள்வி இதுதான்: உடல் பருத்த எலிகளுக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்தால் ரத்தச் சர்க்கரை மளமளவென இறங்குவதாக ஆய்வுகள் சொல்கின்றன. (பைபாஸ் என்று இங்கே சொல்வது இதய பைபாஸை அல்ல; வயிற்றைச் சிறிதாக்கி, உணவு மேல்குடலைத் தொடாமல் கீழே போகும்படி குடலை மாற்றி இணைக்கும் எடைக் குறைப்பு ஆபரேஷனை.) எடை குறைவதால் இறங்குகிறதா, இல்லை குடலை வெட்டி மாற்றி இணைப்பதிலேயே ஏதாவது இருக்கிறதா? எலியில் பார்த்ததை மனிதருக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பருத்த விலங்குகளில் சர்க்கரை இறங்குவதில் பெரும்பங்கு எடை குறைவதற்குத்தான். குடல் பாதை மாறுவதற்கும் தனியாக ஒரு பங்கு உண்டு. ஆனால் அது பளிச்சென்று தெரிந்தது பருமனே இல்லாத ஒரு வகை எலியில். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ‘எடை குறையாமலே சுகர் போய்விடும்’ என்ற பேச்சு கிளம்புகிறது. ஆபரேஷன் செய்யும் நிஜமான வேலை வேறு ஒன்று என்பது என் கருத்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தச் சந்தேகம் எலியிடம் தொடங்கவில்லை, மனிதரிடம்தான் தொடங்கியது. 1955-லேயே, வயிற்றின் பெரும்பகுதியை அகற்றிய பிறகு மூன்று நோயாளிகளுக்கு நீரிழிவு தணிந்ததாக அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அது எடைக் குறைப்புக்காகச் செய்த அறுவைகூட இல்லை. 1960-களில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் எடை குறைக்கவென்றே பைபாஸைக் கொண்டுவந்தார். விஷயம் ஊரறியப் பேசப்பட்டது 1995-ல். வட கரோலைனாவின் கிரீன்வில்லில் வால்டர் போரிஸ் என்ற அறுவை நிபுணர், பைபாஸ் செய்துகொண்ட 608 பேரை 14 ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார். கணக்கில் வந்த 146 நீரிழிவுக்காரர்களில் 121 பேருக்கு சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்து அப்படியே நின்றது. அதைவிட எல்லோரையும் உலுக்கியது வேறு ஒரு தகவல். பலருக்கு சில நாட்களிலேயே, எடை பெரிதாகக் குறையும் முன்பே, சர்க்கரை சரியாகியிருந்தது.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்தில் நோயாளி என்ன சாப்பிடுகிறார்? ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். தண்ணீர், கஞ்சித் தெளிவு, சில கரண்டி திரவ உணவு, அவ்வளவுதான். 2011-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் குழு, கத்தியே வைக்காமல் 11 நீரிழிவு நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 600 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தது. ஏழே நாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்துவிட்டது. கல்லீரலில் படிந்திருந்த கொழுப்பும் அந்த ஒரு வாரத்துக்குள் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. ஆக, ‘எடை குறையும் முன்பே சர்க்கரை இறங்கியது’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு குடலுக்கு மகுடம் சூட்ட முடியாது. பட்டினியும் அதே வேலையைச் செய்யும்.

எலிகள் தேவைப்பட்டது இதனால்தான். மனிதருக்கு வயிற்றைத் திறந்துவிட்டு ஒன்றும் செய்யாமல் தைத்து அனுப்ப யாரும் சம்மதிக்க மாட்டார்கள். எலியில் அதைத்தான் செய்கிறார்கள். அதற்குப் போலி அறுவை என்று பெயர். மயக்க வாயு கொடுத்து, வயிற்றின் நடுக்கோட்டில் கீறி, குடலை வெளியே எடுத்து, சில சமயம் வெட்டி அதே இடத்திலேயே திரும்பவும் தைத்து மூடுவார்கள். இதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் எவ்வளவு நுணுக்கமான வேலை என்று புரியும். எலியைவிடச் சிறிய வேறு இனமான சுண்டெலி, ஊட்டிக் கொழுக்க வைத்தாலும் 50 கிராம் அளவில்தான் இருக்கும். அதன் சிறுகுடல் நூடுல்ஸ் தடிமன்கூட இருக்காது. நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, முடியைப் போன்ற நூலால் தைக்க வேண்டும். தையல் ஒன்று கூடுதலாக இறுகினால் குடல் அடைத்துக்கொள்ளும், தளர்ந்தால் கசியும், இரண்டிலும் விலங்கு பிழைக்காது. தைத்து முடித்த பிறகும் தொல்லை ஓயாது. கூண்டில் மரத்தூள் இருந்தால் பசியில் அதைத் தின்று தையலைக் கெடுத்துக்கொள்ளும் என்று கம்பித் தரையில் விடுவார்கள். தோலுக்கடியில் சலைன் ஏற்றி, சில நாட்கள் திரவ உணவு மட்டும் கொடுப்பார்கள். சர்க்கரை பார்க்க வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, நம் வீட்டில் இருப்பது போன்ற குளுக்கோமீட்டரிலேயே வைப்பார்கள். பழக்கமில்லாத கை எலியைப் பிடித்தால் அந்தப் பதற்றத்திலேயே சர்க்கரை ஏறிவிடும். அதனால் பரிசோதனைக்குப் பல நாட்கள் முன்பிருந்தே கையில் எடுத்துப் பழக்குவார்கள்.

போலி அறுவை மட்டும் போதாது. அறுவை செய்த எலி குறைவாகத் தின்னும், போலி அறுவை எலி வயிறு முட்டத் தின்னும். அப்போது சர்க்கரை வித்தியாசத்துக்குக் காரணம் தீனியா, குடலா? இதைப் பிரிக்கத்தான் மூன்றாவது குழு. இவற்றுக்கு, அறுவை எலி எவ்வளவு தின்றதோ அதே அளவு தீனி, அல்லது அதே எடைக்கு இறங்கும்படி கணக்குப் பார்த்துத் தீனி. எந்த ஆய்வைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்த மூன்றாவது குழுவைத்தான். அது இல்லாவிட்டால், ‘எடையைச் சாராத பலன்’ என்று கட்டுரை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அது காதில் ஏறாது. இந்தக் குழுவிலும் ஒரு சிக்கல் உண்டு. அளந்து கொடுத்த தீனியைக் கண்டதும் பசித்த எலி ஓரிரு மணி நேரத்தில் முழுவதையும் தின்று தீர்த்துவிட்டு மீதி நாள் முழுக்கப் பட்டினி கிடக்கும். அறுவை செய்த எலியோ கொஞ்சம் கொஞ்சமாக இரவு முழுக்கக் கொறிக்கும். ஒரே கலோரி, ஆனால் இரண்டு வகையான வாழ்க்கை. நல்ல ஆய்வகங்கள் அந்தத் தீனியைப் பல வேளையாகப் பிரித்துக் கொடுத்து இதைச் சமாளிக்கும்.

சரி, இப்போது அந்தப் புகழ்பெற்ற எலிக்கு வருவோம். ஜப்பானின் சென்டாய் நகரில், தோஹோகு பல்கலைக்கழகத்தில் கோட்டோ, ககிசாகி என்ற இருவர் 1970-களில் விஸ்டார் என்ற சாதாரண ஆய்வக எலிகளில் சர்க்கரை சற்று அதிகமாக இருந்தவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக அவற்றுக்குள்ளேயே இனவிருத்தி செய்தார்கள். பிறவியிலேயே நீரிழிவு உள்ள, ஆனால் ஒல்லியான எலி கிடைத்தது. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் பிரான்செஸ்கோ ரூபினோவும் ஜாக் மாரெஸ்கோவும் இந்த எலியை எடுத்துக்கொண்டது சாமர்த்தியமான தேர்வு. குறைக்கக் கொழுப்பே இல்லாத உடம்பு. சர்க்கரை இறங்கினால் எடையின் மேல் பாரத்தைப் போட முடியாது.

அவர்கள் வயிற்றைத் தொடவில்லை. இரைப்பையிலிருந்து வெளியே வரும் உணவு முதலில் சேரும் டியோடினத்தையும் அதற்கடுத்த சிறிது குடலையும் மட்டும் விலக்கிவிட்டு, உணவை நேராக சிறுகுடலின் நடுப்பகுதியான ஜெஜுனத்தில் சேர்த்தார்கள். ஊருக்குள் நுழையாமல் சுற்றிப்போகும் புறவழிச்சாலை மாதிரி. பித்தநீரும் கணையநீரும் பழைய பாதையிலேயே வந்து கீழே கலந்துகொண்டன. 2004-ல் வெளியான முடிவு: அறுவை செய்த எலிகளும் போலி அறுவை எலிகளும் ஒரே மாதிரி தின்றன, ஒரே மாதிரி எடை போட்டன, ஆனால் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தபோது அறுவை செய்தவற்றின் சர்க்கரை கணிசமாகக் குறைவாக இருந்தது. தீனியைக் குறைத்து எடை இறக்கப்பட்ட எலிகளைவிடவும் இவை நன்றாக இருந்தன.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வந்தது. டியோடினத்தை விலக்கியதால் பலனா, இல்லை, உணவு சீக்கிரமாகக் கீழ்க்குடலுக்குப் போய்ச் சேர்ந்ததால் பலனா? முதல் கட்சிக்கு முன்குடல் கருத்து என்றும் இரண்டாவதற்குப் பின்குடல் கருத்து என்றும் பெயர் வைத்துச் சண்டை நடந்தது. 2006-ல் ரூபினோ குழு செய்த அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. சில எலிகளுக்கு இரைப்பையிலிருந்து ஜெஜுனத்துக்கு ஒரு குறுக்குவழியை மட்டும் திறந்தார்கள். பழைய டியோடினப் பாதையை அடைக்கவில்லை. உணவு கீழே சீக்கிரம் போகவும் வழியுண்டு, டியோடினத்தைத் தொட்டுப் போகவும் வழியுண்டு. சர்க்கரை சரியாகவில்லை. பிறகு அதே எலிகளை மறுபடி திறந்து டியோடினத்தை விலக்கினார்கள், சரியானது. அதோடு விடாமல், முன்பு டியோடினம் விலக்கப்பட்டு நன்றாக இருந்த எலிகளைத் திறந்து பழைய பாதையை மீட்டுக் கொடுத்தார்கள். சர்க்கரை திரும்ப ஏறியது. போட்டால் வருகிறது, எடுத்தால் போகிறது. ஒரு காரணத்தைக் காட்ட இதைவிட நேரான வழி அதிகம் இல்லை. மேல்குடலில் உணவு படும்போது இன்சுலினுக்கு எதிராக ஏதோ ஒன்று கிளம்புகிறது என்று அவர்கள் ஊகித்தார்கள். அந்த ‘ஏதோ ஒன்றை’க் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டியவர் இன்னும் யாரும் இல்லை.

ஆனால் நீங்கள் கேட்டது பருத்த எலியைப் பற்றி. அங்கே கதை இவ்வளவு சுத்தமாக இல்லை.

பருத்த விலங்கு என்றால் ஆய்வகங்களில் பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று, மரபணுக் கோளாறால் பருத்தவை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949-ல் தற்செயலாகக் கண்ணில் பட்ட குண்டுச் சுண்டெலி, 1961-ல் சக்கர் தம்பதி விவரித்த குண்டு எலி ஆகியவை இந்த வகை. முதலாவதற்கு, உடம்பில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனே சுரக்காது, இரண்டாவதற்கு அந்த ஹார்மோனை உணரும் ஏற்பி பழுது. இன்னொரு வழி, ஊட்டிப் பருக்க வைத்தவை. கருப்பு நிறத்தில், ‘பிளாக் சிக்ஸ்’ என்று செல்லமாக அழைக்கப்படும் ஒரு சுண்டெலி இனத்துக்கு, கலோரியில் 60 சதவீதம் கொழுப்பாக இருக்கும் தீனியை இரண்டு மூன்று மாதம் கொடுப்பார்கள். பன்றிக்கொழுப்பு கலந்த அந்தத் தீனி கையில் எடுத்தாலே பிசுபிசுக்கும். நம்மைப் போலத் தின்று பருத்த பிராணி என்பதால் இப்போது பெரும்பாலான ஆய்வுகள் இதில்தான் நடக்கின்றன.

இந்தச் சுண்டெலிகளுக்கு பைபாஸோ, வயிற்றின் சுமார் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டுக் குழாய் போல் ஆக்கும் ஸ்லீவ் அறுவையோ செய்தால் எடை இறங்கும், சர்க்கரையும் இறங்கும். அதே எடைக்குப் பட்டினி போட்டு இறக்கிய சுண்டெலியோடு ஒப்பிட்டால் வெறும் வயிற்றுச் சர்க்கரையில் வித்தியாசம் பல ஆய்வுகளில் சொற்பமே. சாப்பிட்ட பிறகு இன்சுலின் எவ்வளவு வேகமாகச் சுரக்கிறது என்பதில்தான் அறுவைக் குழு முந்துகிறது. இரண்டும் வேறு வேறு விஷயங்கள். இதைப் பிரித்துப் பார்க்காமல் படித்தால் ஒரே கட்டுரை எடைக்கு ஆதரவாகவும் தெரியும், எதிராகவும் தெரியும்.

அளக்கும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. குளுக்கோஸை வாய்வழியே கொடுத்தார்களா, வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்டார்களா என்று பாருங்கள். வாய்வழி கொடுத்தால், பைபாஸ் செய்த விலங்கில் அது சட்டென்று குடலுக்குள் பாய்ந்து முதல் அரை மணிக்குள் சர்க்கரை உச்சிக்குப் போய், பிறகு வேகமாகச் சரியும். ஊசியாகப் போட்டால் குடல் ஹார்மோன்களுக்கு வேலையே இருக்காது, அதனால் அறுவையின் பலனில் ஒரு பகுதி கண்ணுக்கே தெரியாமல் போகும்.

குடல் ஹார்மோன் என்றதும் எல்லோருக்கும் ஜிஎல்பி-1 நினைவுக்கு வரும். இந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்து சர்க்கரையையும் எடையையும் குறைக்கும் செமாகுளுடைடு ஊசி புகழ் பெற்ற பிறகு அதைப் பற்றிக் கேள்விப்படாதவர் குறைவு. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உணவு பட்டால் இது அதிகம் சுரக்கும், இன்சுலினைத் தூண்டும், பசியைக் குறைக்கும். பைபாஸுக்குப் பிறகு சாப்பிட்டவுடன் இது பல மடங்கு ஏறுகிறது, மனிதரிலும் எலியிலும். பின்குடல் கட்சிக்காரர்கள் இதற்கென்றே ஒரு அழகான அறுவை செய்து பார்த்தார்கள். கடைக்குடலில் ஒரு சிறு துண்டை ரத்தக்குழாயோடு வெட்டி எடுத்து மேலே கொண்டுபோய் இடையில் பொருத்துவது. எதையும் விலக்கவில்லை, எதையும் அகற்றவில்லை, இடம் மட்டும் மாற்றம். ஜிஎல்பி-1 கூடியது. கலிஃபோர்னியாவின் டேவிஸில் உருவாக்கிய, பருத்து நீரிழிவு அடையும் ஒரு எலி வகையில் இதைச் செய்தபோது நோய் தொடங்குவதே பல மாதங்கள் தள்ளிப்போனது.

அப்படியானால் வேலை முடிந்ததா? இல்லை. ஜிஎல்பி-1 ஏற்பியே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கி, அவற்றைப் பருக்க வைத்து, ஸ்லீவ் செய்தார்கள். 2013-ல் வந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. ஏற்பி இருந்தவற்றைப் போலவே இவற்றுக்கும் எடை குறைந்தது, சர்க்கரையும் சீரானது. பைபாஸிலும் எடை விஷயத்தில் இதே கதை. பசி ஹார்மோனான கிரெலின் இல்லாத சுண்டெலியிலும் ஸ்லீவ் நன்றாகவே வேலை செய்தது. வயிற்றை வெட்டுவதால் கிரெலின் குறைந்து பசி போகிறது என்று இன்றைக்கும் விளம்பரத் துண்டறிக்கைகளில் அச்சடிக்கிறார்கள். சுண்டெலி அதற்கு ஒத்துழைக்கவில்லை. ஆனால் 2018-ல், வளர்ந்த சுண்டெலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில் மட்டும் அந்த ஏற்பியைக் குறைத்துப் பார்த்த ஒரு ஆய்வில் ஸ்லீவின் சர்க்கரைப் பலன் போய்விட்டது. பிறவியிலேயே ஒன்று இல்லாவிட்டால் உடம்பு வேறு வழி தேடிக்கொள்கிறது, நடுவில் பிடுங்கினால் தடுமாறுகிறது என்று நான் இதைப் படிக்கிறேன். ஆக ஜிஎல்பி-1 குற்றவாளி இல்லை என்று விடுதலை செய்யவும் முடியாது, தனி ஆளாகச் செய்தது என்று தீர்ப்பு எழுதவும் முடியாது.

இந்த வரிசையில் மிக அழுத்தமாக நின்றது பித்தநீர். பித்த அமிலம் கொழுப்பைச் செரிக்க மட்டும் என்றுதான் நாம் படித்தோம். அது ஒரு சமிக்ஞையும்கூட. எஃப்எக்ஸ்ஆர் என்ற ஏற்பியைத் தொட்டு மரபணுக்களைத் திறக்கவும் மூடவும் செய்யும். அமெரிக்க ஆய்வாளர் ராண்டி சீலியின் குழு 2014-ல் எஃப்எக்ஸ்ஆர் இல்லாத சுண்டெலிகளுக்கு ஸ்லீவ் செய்தது. வயிறு அதே அளவுதான் வெட்டப்பட்டது. முதலில் எடை இறங்கியது, பிறகு கூடுதலாகத் தின்று ஏற்றிக்கொண்டன, சர்க்கரையில் முன்னேற்றம் இல்லை. வயிறு சிறிதானதால் குறைவாகச் சாப்பிடுகிறோம், அதனால் இளைக்கிறோம் என்ற பழைய விளக்கம் இந்த ஒரு சோதனையிலேயே ஆட்டம் கண்டது. வயிறு சிறிதாகத்தானே இருந்தது? மறு ஆண்டு இன்னொரு குழு வயிற்றையும் விட்டுவிட்டு, சுண்டெலியின் பித்தப்பையைக் கடைக்குடலோடு இணைத்துப் பித்தநீரை மட்டும் திருப்பிவிட்டது. பைபாஸுக்குச் சமமான பலன் கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை: இந்த அறுவையை எலியில் இதே மாதிரி செய்ய முடியாது. சுண்டெலிக்குப் பித்தப்பை உண்டு, எலிக்குக் கிடையாது.

இன்னும் இரண்டு விளக்கங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013-ல் பாஸ்டனில் ஒரு குழு, பைபாஸ் செய்த எலிகளில் உணவு நேராக வந்து விழும் குடல்பகுதி தடித்து வளர்வதையும், அந்த வளர்ச்சிக்காக அது ரத்தத்திலிருந்து குளுக்கோஸை உறிஞ்சி எரிப்பதையும் ஸ்கேனில் காட்டியது. அதாவது குடலே சர்க்கரையைச் செலவு செய்யும் உறுப்பாக மாறிவிடுகிறது. ஸ்லீவில் அந்த மாதிரிக் குடல் இணைப்பே இல்லை என்பதால் அங்கே இந்த விளக்கம் எடுபடாது. அதே ஆண்டில் மற்றொரு பாஸ்டன் குழு, பைபாஸ் செய்த சுண்டெலியின் குடல் கிருமிகளை, கிருமியே இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளுக்கு மாற்றியது. அவற்றுக்கும் கொஞ்சம் எடை குறைந்தது. கொஞ்சம்தான். கிருமி விஷயத்தில் இப்போது இருக்கும் பரபரப்புக்கு இந்த அளவு போதாது என்று நினைக்கிறேன்.

நான் முக்கியமாகக் கருதும் சோதனை இதுவரை சொன்ன எதுவும் இல்லை. 2010-ல் சீலி குழுவே செய்த, அதிகம் பேசப்படாத ஒன்று. ஸ்லீவ் செய்து எடை இறங்கி ஒரு நிலைக்கு வந்துவிட்ட எலிகளுக்குத் தீனியைக் குறைத்து இன்னும் இளைக்க வைத்தார்கள். பிறகு இஷ்டம்போல் தின்ன விட்டார்கள். அந்தச் சின்ன வயிற்றை வைத்துக்கொண்டே கூடுதலாகத் தின்று, ஆபரேஷனுக்குப் பின் இருந்த எடைக்கு ஏறி அங்கே நின்றுகொண்டன. அதற்கு மேல் ஏறவில்லை. வேண்டுமென்றால் அவற்றால் அதிகம் தின்ன முடியும் என்று இதிலிருந்தே தெரிகிறது. தின்ன வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். டயட்டில் இளைத்த எலி எப்போதும் பழைய எடைக்குத் திரும்பவே துடிக்கும். ஸ்லீவ் செய்த எலியின் உடம்போ, புதிய குறைந்த எடையைத் தன் எடை என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறது. லெப்டினே இல்லாத சுண்டெலிக்கு பைபாஸ் செய்தபோது முதலில் இறங்கிய எடை திரும்ப ஏறியதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. மூளைக்குப் போகும் செய்தி அறுந்திருந்தால் குடலில் செய்த வேலை நிலைப்பதில்லை. நான் முன்பு சொன்ன ‘நிஜமான வேலை’ இதுதான். சர்க்கரையை நேராக இறக்குவதைவிட, இறங்கிய எடையை உடம்பு எதிர்க்காமல் இருக்கச் செய்வது.

மனிதரில் இதைச் சோதித்தார்களா? 2020-ல் செயின்ட் லூயிஸில் சாமுவேல் கிளைன் குழு சோதித்தது. நீரிழிவும் பருமனும் உள்ள 22 பேர். 11 பேருக்கு பைபாஸ், 11 பேருக்கு டயட். இரண்டு குழுவும் உடல் எடையில் சுமார் 18 சதவீதம் இழக்கும் வரை காத்திருந்து, பிறகு எல்லாவற்றையும் அளந்தார்கள். இன்சுலின் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது, பீட்டா செல் எப்படி இருக்கிறது, நாள் முழுக்கச் சர்க்கரை எப்படிப் போகிறது என எதிலும் இரண்டு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பித்த அமிலமும் கிருமிகளும் பைபாஸ் குழுவில் மாறத்தான் செய்தன, ஆனால் அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான். இருந்தாலும் எடையைச் சமப்படுத்தி ஒப்பிட்டதால் இதற்கு மதிப்பு அதிகம். எலிக்கட்டுரைகளில் மூழ்கியவர்களுக்கு இது கசந்தது. என்னைக் கேட்டால் முரண்பாடு ஒன்றும் இல்லை. ஜப்பானிய ஒல்லி எலி, குடலுக்கும் சர்க்கரைக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று காட்டியது. பருத்த மனிதரில் எடையின் பங்கு அவ்வளவு பெரிது என்பதால் அந்தத் தொடர்பு அதற்கு அடியில் மறைந்துவிடுகிறது. ஆனால் 18 சதவீத எடையை டயட்டில் இழந்து அதைப் பத்தாண்டு காப்பாற்றுகிறவர் எத்தனை பேர்?

விலங்குகளை மனிதரோடு ஒப்பிடும்போது வேறு சில இடறல்களும் உண்டு. கொழுப்பூட்டிய சுண்டெலியை மருத்துவர் பார்த்தால் நீரிழிவு என்றே சொல்ல மாட்டார். அது சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவரைப் போலத்தான். கணையம் சோர்ந்துபோகாமல் இன்சுலினைத் தாராளமாகக் கொட்டிக்கொண்டிருக்கும். பதினைந்து வருடமாக மாத்திரையும் ஊசியுமாக இருப்பவரின் கணையத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எலியின் வயிற்றில் சுரப்பிகளே இல்லாத ஒரு முன்பகுதி உண்டு, நமக்கு அப்படி இல்லை. எலியால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஆய்வக அறை நமக்கு இதமாக 22 டிகிரியில் இருக்கும், சுண்டெலிக்கு இதமானது 30 டிகிரிக்குப் பக்கம். எனவே அது எந்நேரமும் உடம்பைச் சூடாக்கவே கலோரியை எரித்துக்கொண்டிருக்கிறது. எடை பற்றிய ஆய்வில் இது சின்ன விஷயம் இல்லை.

எலியில் நன்றாக இருந்தது மனிதரில் கவிழ்ந்ததற்கும் உதாரணம் உண்டு. டியோடினத்தை வெட்டாமல், உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையை விட்டு உணவு அதன் சுவரில் படாமல் செய்தால் போதுமே என்று யோசித்தார்கள். பருத்த எலிகளில் அப்படிச் செய்தபோது எடையும் குறைந்தது, சர்க்கரையும் சீரானது. எண்டோபேரியர் என்ற பெயரில் மனிதருக்கான கருவியும் வந்தது, எண்டோஸ்கோப் வழியாகவே வைத்துவிடலாம். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வை 2015-ல் நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பொருத்தியவர்களில் 3.5 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி வந்தது.

ஆபரேஷனின் மனிதக் கணக்கு எப்படி என்றால், ரோமில் ஜெல்ட்ரூடே மிங்க்ரோனே குழு 60 பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்து 2021-ல் வெளியிட்டது நம்பகமானது. அறுவை செய்தவர்களில் 37.5 சதவீதம் பேர் பத்து வருடமும் நீரிழிவு திரும்பாமல் இருந்தார்கள். பைபாஸில் 25 சதவீதம், குடலை இன்னும் அதிகமாக விலக்கும் வகையில் 50 சதவீதம். மருந்துக் குழுவில் 5.5 சதவீதம், அதுவும் நடுவில் அறுவைக்கு மாறிய ஒரே ஒருவர். ‘ஆபரேஷன் செய்தால் சுகர் நிரந்தரமாகப் போய்விடும்’ என்று யாராவது சொன்னால் இந்த எண்களைக் காட்டுங்கள். ஆபரேஷனுக்குப் பலனே இல்லை என்று சொல்பவருக்கும் இதையே காட்டலாம்.

நம்மவர்களுக்கு ஒரு தகவல். 2016-ல் உலக அளவில் நாற்பத்தைந்து அமைப்புகள் ஒப்புக்கொண்ட வழிகாட்டுதலில், மருந்தில் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 30 இருந்தாலே அறுவையை யோசிக்கலாம் என்று வைத்தார்கள். ஆசியர்களுக்கு அந்த வரம்பு 27.5. குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது என்பதுதான் காரணம். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இந்த யோசனை இருந்தால், பைபாஸா ஸ்லீவா என்று விவாதிப்பதற்கு முன் சி-பெப்டைட் பரிசோதனை ஒன்று எடுத்துவிடச் சொல்லுங்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திறன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அது காட்டும். நீரிழிவு வந்து எத்தனை வருடம், இன்சுலின் ஊசி போடுகிறாரா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பலன் எவ்வளவு கிடைக்கும் என்று மருத்துவரால் ஓரளவு சொல்ல முடியும். பி12, இரும்புச்சத்து, கால்சியம் ஆகியவற்றை வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.